முழங்கையில் கட்டிய துண்டு

மேற்கணக்கு லயம்,
வட்டவளை.
01.11.2025, சனிக்கிழமை

அன்பு மகன் மதுரனுக்கு,

அப்பா சோலைமலை, என் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். சில எழுத்துகள் கட்டத்துக்குள் ஒழுங்காக நிற்கின்றன. சில, பக்கத்துக் கட்டத்தில் காலை நீட்டிப் படுத்துவிடுகின்றன. 'ழ' மட்டும் எனக்கு அழகாக வருகிறது. சனிக்கிழமை வகுப்பு எடுக்கிற சுகிர்தம் டீச்சரே அதைப் பார்த்து, "ஐயா, இந்த ஒரு எழுத்துக்கு உங்களுக்குப் பரிசு குடுக்கலாம்" என்றார். நல்ல காலம், இந்தக் கடிதம் முழுவதும் முழங்கையைப் பற்றியது.

கட்டம் போட்ட தாள் எங்கே கிடைத்தது என்று கேட்பாய். உன் பழைய கணக்குக் கொப்பிதான். தகரப் பெட்டியில் கிடந்தது. நீ எழுதிய பக்கங்களில் கை வைக்கவில்லை. பின்னால் வெறுமையாக இருந்தவற்றைத்தான் எடுத்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் எனக்கு வழி தவறாது.

ஃபோனில் சொல்லலாமே என்பாய். சொல்லிப் பார்த்தாயிற்று. கை எப்படி இருக்கிறது என்றால் "நல்லா இருக்குப்பா" என்கிறாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் "ஆளு வந்திருச்சு, வைக்கிறேன்" என்கிறாய். நான் கேட்கும்போதெல்லாம் உன் கடைக்கு ஆள் வருவதாக இருந்தால் உன் முதலாளி இந்நேரம் ஏழு கடை திறந்திருப்பார். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

றொக்சன் நேற்று வந்தான். நாளைக்குக் கல்லறைத் திருநாள் அல்லவா, அவன் அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைக்க வந்திருக்கிறான். உன் கடையில் காசு மேசையில் இருக்கிறவன் நம் வீட்டுக்கு வந்து டீ குடிக்காமல் போவானா? அம்மா டீயை நீட்டினாள். குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "மாமா, மதுரன் சொல்ல வேணாம்னுதான் சொன்னான். ஆனா அவன் இப்ப டீ கப்பக்கூட வலது கையால தூக்க மாட்டேங்கிறான். ரூம் பூட்டத் திறக்கிறதும் இடது கைதான். துணி பிழியிறது நான்தான்" என்றான். இரண்டு ஊசி போட்டாயாம். ஒவ்வொன்றும் ஒரு மாதம்கூடத் தாங்காமல் சில கிழமைக்குத்தான் கேட்டதாம். இந்த மாதம் பதினைந்தாம் திகதி மூன்றாவது ஊசிக்கு நேரம் எடுத்து வைத்திருக்கிறாயாம். டிசம்பர் பண்டிகைக் கூட்டம் முடியும்வரை அதை வைத்து ஓட்டிவிடலாம் என்று யோசனையாம்.

உன் அம்மாதான் பேசினாள். "பாத்தீங்களா, அப்பனுக்கு மகன் தப்பாம பொறந்திருக்கான்" என்றாள். என்னைத் திட்டினாளா உன்னைத் திட்டினாளா என்று தெரியவில்லை.

மதுரா, உனக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு அறுபத்தேழு. இரண்டு பேரில் ஒருவனுக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் எழுத்து கட்டத்தை உடைத்துக்கொண்டு போகிறது. கையும் போதும் என்கிறது. நாளைக்கு மிச்சம்.

ஞாயிறு

காலையில் மழை இல்லை. கையைச் சுடுநீரில் நனைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லை. பிஸ்கட் உறை, தீப்பெட்டி, மின்சாரக் கட்டணத் துண்டு, எதையும் விடுவதில்லை. இரண்டு வருடமாக உன் அம்மா என் முழங்கையில் ஒரு பச்சை எண்ணெய் தேய்த்துவந்தாளே, ரயில் கோச்சியில் விற்றவனிடம் வாங்கியது, நினைவிருக்கிறதா? நரம்புக்கு நல்லது என்று அவன் சொன்னானாம். ஜூன் மாதம் ஒரு நாள் அந்தப் போத்தலை எடுத்து மெல்ல மெல்ல வாசித்தேன். 'கூந்தல் உதிர்வதைத் தடுத்து அடர்த்தியாக வளர' என்று போட்டிருந்தது. இரண்டு வருடம்! முழங்கையில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. அதைச் சொன்னால் உன் அம்மாவுக்கு வெட்கமே இல்லை. "அப்ப அந்த எண்ணெய் தலைக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல" என்று போத்தலைத் தூக்கி அடுப்பு மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எறியவில்லை, கவனி.

இப்போது கையைப் பற்றி. சனிக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவில் எங்களுக்கு எழுத்து வகுப்பு. பகலில் பால்குடிப் பிள்ளைகள் தூங்குகிற இடம். அந்தச் சின்ன வாங்குகளில் நாங்கள் பன்னிரண்டு கிழடுகள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். நான் ஒரு வரி எழுதியதும் பென்சிலை வைத்துவிட்டுக் கையை உதறுவேன். சோம்பேறித்தனம் என்றுதான் சுகிர்தம் டீச்சர் முதலில் நினைத்திருக்கிறார். ஒரு நாள் கிட்டே வந்து முழங்கையின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை ஒன்று எழும்பிவிட்டது. "இத்தனை வருசமா இத வச்சுக்கிட்டா இருந்தீங்க? திங்கக்கிழமை கிளினிக் போகாம அடுத்த வகுப்புக்கு வரக் கூடாது" என்றார். பள்ளிக்கூடத்துக்கே போகாதவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் பார்த்தார். அந்தப் பயத்தில்தான் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. சுதர்ஷினி என்று பெயர். நம்மைப் போல தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து வந்த பிள்ளை. என் கையை நீட்டச் சொன்னது, நீளவில்லை. உட்கார்ந்திருந்த கதிரையை முதுகுப் பக்கம் பிடித்துத் தூக்கச் சொன்னது, முடியவில்லை. என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டது. தேயிலை வெட்டுகிற கவ்வாத்து என்றேன். எத்தனை வருடம் என்றது. முப்பத்திரண்டு என்றேன். "அதான்ப்பா" என்றது.

பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னது. எலும்பில் ஒன்றும் இல்லையாம். மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கிற தசைகள் எல்லாம் ஒரு நாராகச் சேர்ந்து முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் போய் ஒட்டுகின்றனவாம். இறுக்கிப் பிடித்து வெட்டுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த ஒட்டு இழுபடுகிறது. "கொழுந்துக் கூடைக் கயிறு எங்கப்பா அறும்? நடுவுலயா, கட்டின இடத்துலயா?" என்று கேட்டது. கட்டின இடத்தில் என்றேன். "அதே மாதிரிதான். ஒரு இழை ரெண்டு இழையா பிய்யும். அது ஆறுறதுக்குள்ள நாம திரும்ப இழுத்துடறோம்" என்றது. முப்பத்திரண்டு வருடம் கத்தி பிடித்தவனுக்கு ஒரு கயிற்றை வைத்து விளங்கப்படுத்திவிட்டது.

நீ சொல்லாவிட்டாலும் உனக்கு வந்திருப்பது இதுதான். கொத்து ரொட்டி போட இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக் கல்லில் அடிக்கிறாயே, அதுவும் கவ்வாத்துதான். செடிக்குப் பதில் ரொட்டி.

நான் உன்னைப் பார்க்கக் கொழும்புக்கு வந்த அன்று உன் தகட்டுச் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. றொக்சன், "இது நம்ம மதுரன் கை" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், ரொட்டி வெட்டுப்பட்ட பிறகும் நீ அடித்துக்கொண்டே இருந்தாய். தெருவில் போகிறவனை உள்ளே இழுக்க அடிக்கிற அடி அது. பாதி வேலை வெட்டுவதற்கு, பாதி வேலை சத்தத்துக்கு. அந்தச் சத்தத்துக்கு உன் முழங்கையையா கொடுப்பது?

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே வெட்டில் செடியின் வாது விழ வேண்டும், வெட்டிய முகம் சாய்வாக வழவழவென்று இருக்க வேண்டும். சோலைமலை நிரையைப் பார்த்துப் படியுங்கள் என்று வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக வலித்த கையை மறைத்தேன். கத்தியைக் கீழே வைத்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்று பயந்தேன். நீயும் இப்போது கொத்துக் கல்லை விட்டால் திரும்பக் கிடைக்காது என்கிறாயாம். றொக்சன் சொன்னான்.

போதும். இதற்கு மேல் எழுத வேண்டியதை எழுத எனக்குத் தைரியம் வேண்டும்.

திங்கள்

இன்று கிளினிக் போய் வந்தேன். உன் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது ஊசி என்றதும் சுதர்ஷினி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டது. "ஊசி போட்டா வலி போயிரும்ப்பா, காயம் போகாது. வலி இல்லைன்னு காயத்து மேலயே வேலை செய்வாரு. திரும்பத் திரும்பப் போட்டா அந்த நாரு இன்னும் பலவீனமாப் போகும். ஊசிக்கு முன்னாடி கையக் காட்டச் சொல்லுங்க" என்றது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகிறதா என்று கேட்கச் சொன்னது. அப்படி இருந்தால் அது நரம்பு விஷயமாம், வேறு வைத்தியமாம். அதற்கு மட்டுமாவது மறைக்காமல் பதில் சொல்.

இப்போது தைரியம் வந்திருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

என் வலது கையில் முழங்கைக்கு மேலே கட்டியிருந்த செப்புத் தாயத்து உனக்கு நினைவிருக்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் நீ அதைப் பிடித்து உருட்டி விளையாடுவாய். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டாய். "மந்திரம்" என்று சொன்னேன்.

ஆகஸ்ட் மாதம் முதல் தடவை கிளினிக் போனபோது, முழங்கைக்குக் கீழே பட்டி கட்ட வேண்டும், மேலே இறுக்கமாக ஒன்றும் இருக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை தாயத்தைக் கழற்றிக் கொடுத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உன் அம்மா புதுக் கயிறு கோக்கிறேன் என்று எடுத்துக் கழுவினாள். பழைய அரக்கு உடைந்து மூடி கழன்றது. உள்ளே இருந்து சுருட்டிய தாள் ஒன்று விழுந்தது. நான் எடுத்து விரித்தேன். பழுப்பேறியிருந்தது, ஆனால் எழுத்து அழியவில்லை. தமிழ் எழுத்து.

அது எப்படி அங்கே வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து எட்டாம் வருடம் கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அங்கே ஓர் இளம் டாக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் ஒரு துண்டுத் தாளில் வேகமாக எழுதினார். "ஐயா, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். பின்னால் நம் மேற்கணக்கு லயத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். நான், "ஏன் தெரியாது? வாசிப்பேனே" என்றேன். "அப்ப இதில எழுதியிருக்கிற மாதிரிச் செய்யுங்கோ, எல்லாம் சுகமாகும்" என்று கொடுத்தார். கும்பிட்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "டொக்டர் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். "எல்லாம் கை சுகமாகுறதுக்குத்தான்" என்றேன். பொய் இல்லை, பார். உன்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். நீ வகுப்பில் முதலாம் பிள்ளை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சலூனில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் அப்பாவை நீ பார்த்திருக்கிறாய். உன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் அப்பாவைப் பார்த்திருக்கிறாய். அந்தக் கையெழுத்து எனக்கு ஒரு படம் மாதிரி. எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று பாடமாக்கி வைத்திருந்தேன். அந்த அப்பா உன்னிடம் ஒரு துண்டை நீட்டி இதை வாசி என்று எப்படிச் சொல்வேன்?

உன் அம்மா அதை என் பையிலிருந்து எடுத்து மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கொண்டுபோனாள். பெரிய டாக்டர் தன் கையால் எழுதிக் கொடுத்தது, கை சுகமாகும் என்று சொல்லிக் கொடுத்தது, தரையில் கிடக்கக் கூடாது என்று அவளுக்கு நினைப்பு. பூசாரிக்கும் வாசிக்க வராது. சுருட்டிச் செப்புக்குள் வைத்து, அரக்கு அடைத்து, செவ்வாய்க்கிழமை பார்த்துக் கட்டிவிட்டார். எனக்குத் தெரியாமல் இல்லை. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அதில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இன்று முடியவில்லை. கை வலி இல்லை இது.

செவ்வாய்

இன்று, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் றொக்சனைப் பார்த்தேன். அவன் நாளைப் பௌர்ணமிப் போயா கழிந்து வியாழக்கிழமை காலைக் கோச்சியில் போகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுப்பேன். அவன் ஒரு விஷயம் சொன்னான். "மாமா, டொக்டர்கிட்ட ஒரு துண்டு கொண்டுவந்தா ஒரு ஆறு கெழமைக்கு பார்சல் மேசையில போடுறேன்னு முதலாளியே சொன்னாரு. இவன்தான் வாங்கிட்டு வர மாட்டேங்கிறான்" என்றான். ஆறு கிழமை என்று அவன் சொன்னதும் நான் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மழையில் நனைந்த கல், வேட்டி ஈரமானது. "என்ன மாமா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

உனக்கு இலேசான வேலை தரத் தயாராக ஒரு முதலாளி இருக்கிறார். துண்டு எழுதித் தர டாக்டர் இருக்கிறார். உனக்கு வாசிக்கத் தெரியும். இவ்வளவும் இருந்தும் ஊசி போட்டுக்கொண்டு கல்லடியில் நிற்கிறவனை நான் என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த எழுத்துகளில் அதற்கு வார்த்தை இல்லை. டீச்சரிடம் கேட்கவும் முடியாது.

சரி, சுதர்ஷினி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன். நீ டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய். முன்கையை மேசையில் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளங்கை தரையைப் பார்க்க. அரைப் போத்தல் தண்ணீரைப் பிடித்துக்கொள். இடது கையால் வலது கையை மேலே தூக்கி விடு. பிறகு இடது கையை எடுத்துவிட்டு, வலது கையை மெல்ல, ஐந்து எண்ணும்வரை, கீழே இறக்கு. தூக்குவதில் இல்லையாம் வைத்தியம், இறக்குவதில்தானாம். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். முழுக்கச் சும்மா இருக்கவும் கூடாதாம். வலிக்க வைக்கிற வேலையை நிறுத்திவிட்டு, பலத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டுமாம். மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகுமாம். அவசரப்படாதே.

திரும்பக் கல்லுக்குப் போகிற காலம் வந்தால் தகட்டின் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிப்பாக்கு. ஒல்லியான பிடியைத்தான் அதிகம் இறுக்குவோமாம். வெட்டினால் போதும், ஊருக்குக் கேட்க வேண்டாம்.

நான் மூன்று மாதமாக இந்தப் போத்தலைத் தூக்கி இறக்குகிறேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "தண்ணியக் குடிக்கவும் மாட்டேங்கிறீங்க, ஊத்தவும் மாட்டேங்கிறீங்க" என்கிறாள். என் வயதுக்கும் பழசாகிப் போன காயத்துக்கும் கை முழுக்க நீளாது என்று அந்தப் பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டது. ஆனால் போன கிழமை டீக் கோப்பையை வலது கையால் தூக்கிக் குடித்தேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு. ஒரு நாளைக்கு இவ்வளவு எழுதுகிறேன். இந்த வயதில் எனக்கு இது முடிந்தால் உனக்கு எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டுப் பார். கணக்கு உனக்கு நன்றாக வருமே.

புதன், போயா

உன் அம்மா உனக்கும் ஒரு தாயத்து செய்து வைத்திருக்கிறாள். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. நம் தாயத்துக் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். அன்று நான் அந்தத் துண்டை வாசித்துக் காட்டியபோது அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் மறுபடி தாயத்து. "இந்தத் தடவ உள்ள என்ன இருக்குன்னு நீங்களே படிச்சுப் பாத்துட்டு மூடுங்க" என்றாள். பார்த்தேன். வெறும் தகடு. கோடுகள் மட்டும். வாசிக்க ஒன்றும் இல்லை. அதனால் ஆபத்து இல்லை, கட்டிக்கொள். இடது கையில் கட்டு. அவள் மனமும் கேட்க வேண்டுமே.

இனி அந்தத் துண்டு. டாக்டர் எழுதிய துண்டை நானே வைத்துக்கொள்கிறேன். பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்:

'சோலைமலை, வயது 50. வலது முழங்கை வெளிப்பக்கத் தசைநாரில் காயம். ஆறு கிழமைக்குக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கக் கூடாது. இந்தத் துண்டைத் தோட்டத்தில் கொடுத்து இலேசான வேலை கேட்கவும். வலி குறைந்தாலும் உடனே பழைய வேலைக்குப் போக வேண்டாம். ஆறு கிழமைக்குப் பின் கட்டாயம் வந்து காட்டவும். விளங்காவிட்டால் திரும்ப வந்து கேட்கவும். வெட்கப்பட வேண்டாம்.'

கடைசி இரண்டு சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். வாசிக்கத் தெரியாதவனிடம் வெட்கப்படாதே என்று எழுதிக் கொடுத்தால் அவன் எப்படி வாசிப்பான் என்று அந்த டாக்டர் பிள்ளையைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அவர் மேல் கோபப்பட முடியவில்லை. யார் மேல் கோபப்பட்டாலும் அது சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

ஆறு கிழமை, மதுரா. அதைக் கையில் கட்டிக்கொண்டே நாலு வருடம் கத்தி பிடித்தேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கை ஒரு நாள் கத்தியைத் தானாகவே விட்டுவிட்டது. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தது தண்ணீர்க் கான் துப்புரவு செய்கிற வேலை. அதுவும் கிழமைக்கு மூன்று நாள். அந்த வருடம் மார்கழியில் உனக்குப் பரீட்சை. அதற்கு முன்பே, ஆவணியில், நீ வட்டவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினாய். "வேல செய்யத்தான்ப்பா எனக்கு ஆச" என்று சொன்னாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. எழுத்து தெரியாததால் இல்லை.

இதோடு தனித் தாளில் இந்தத் துண்டை இன்னொரு தடவை எழுதி வைத்திருக்கிறேன். வயதையும் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கவ்வாத்துக் கத்தி என்ற இடத்தில் கொத்துத் தகடு என்று போட்டிருக்கிறேன். இது உன் முதலாளிக்குச் செல்லாது என்று எனக்குத் தெரியும். டாக்டர் எழுதினால்தான் செல்லும். பதினைந்தாம் திகதி எடுத்து வைத்திருக்கிற நேரத்துக்கே போ. ஊசி வேண்டாம், துண்டு எழுதித் தாருங்கள் என்று கேள். கேட்க வெட்கமாக இருந்தால் என் தாளை எடுத்துக் காட்டு. கிழவன் எழுதியது என்று சிரிக்கட்டும்.

என் துண்டைக் கட்டிக்கொள்ளாதே, மகனே. வாசி. இரண்டு தடவை வாசி.

உன் கொப்பியில் நீ கடைசியாகப் போட்ட கணக்கு பாதியில் நிற்கிறது. கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறாய், விடை இல்லை. அதற்குப் பின்னால் முப்பத்தொரு பக்கம் வெறுமையாக இருந்தது. இந்தக் கடிதத்துக்கு ஒன்பது போய்விட்டது. மிச்சம் இருக்கிற பக்கங்களையும் நான்தான் எழுதி முடிக்க வேண்டும், வேறு யாரும் இல்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பத்தாவது பக்கத்தில் தொடங்குவேன். அதற்கு முன் உன்னிடமிருந்து ஒரு வரி வர வேண்டும். குரலில் அனுப்பாதே, எழுதி அனுப்பு. இடது கையால் எழுது. கோணலாக இருக்கட்டும். கோணல் எழுத்தை வாசிக்க என்னைவிட யாருக்கு வரும்?

மாரியாத்தா உன் வலது கையைக் காப்பாள். நீயும் கொஞ்சம் காப்பாற்று.

உன் அப்பா,
சோலைமலை
(இது படம் இல்லை. எழுத்தாகவே எழுதினேன்.)